மேல்கணக்கு யாருக்குத் தொலைவு? சப்ரகமுவ மலைமுகட்டுத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் குழிகளும் களுகங்கையின் வெள்ளமும் புழுக்கமும்தான் நினைவுக்கு வரும். நகரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். மழை ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல். ஆனால் இதே மாவட்டத்தின் வடக்கு, வடகிழக்கு எல்லைகள் இலங்கையின் மிக உயர்ந்த மலைத்தொடர்மீது கிடக்கின்றன. ஒரு பக்கம் 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை. மறுபக்கம் ஹோர்ட்டன் சமவெளியின் தென்புறச் செங்குத்து. சமவெளியின் சராசரி வெப்பநிலை 13 பாகை அளவில்தான் இருக்கும். தை, மாசி இரவுகளில் புல்மீது உறைபனி படிவதுண்டு. ‘உலக முடிவு’ என்னும் பாறை விளிம்பில் நின்று கீழே பார்க்கும் சுற்றுலாப் பயணிக்குப் பொட்டுப்பொட்டாய்த் தெரியும் கூரைகள் பெலிஹுல்ஓயாவுக்கு மேலுள்ள நன்பேரியல் தோட்டத்தவை. அதன் நாக்ரக் பிரிவு இன்னும் மேலே, சமவெளிக் காட்டின் எல்லையை ஒட்டியே இருக்கிறது. பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவையை நோக்கி ஏறும் மலைகளிலும், அலுபொல, வெவெல்வத்தைப் பக்கங்களிலும், தெற்கே இறக்குவானை மலைத்திரளிலும் இத்தகைய சிறு குடியிருப்புகள், அதாவது தோட்டங்களின் மேற்பிரிவுகளான ‘மேல்கணக்கு’கள், உண்டு. ஓரிரு லய வரிசை, ஒரு பிள்ளைக்காம்பரா, ஒரு கோயில், ஒரு கொழுந்து மடுவம். பெரும்பாலும் அவ்வளவுதான்.

இக்குடியிருப்புகளைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது ‘எட்டாத இடம்’ என்பதையே. வீதி இல்லை, வைத்தியசாலை தூரம், மேல் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் பல கிலோமீற்றர் நடக்கிறார்கள். இவை உண்மை. ஆனால் இவற்றுக்குச் சொல்லப்படும் காரணம், அதாவது மலை உயரம், குளிர் அதிகம், ஆட்கள் குறைவு, ஆகவே தொலைவு என்னும் விளக்கம், ஆராயப்படாமலே ஏற்கப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அதையே கேள்விக்குட்படுத்துகிறது. குளிர் மலை தந்தது. தொலைவு அப்படி வந்ததன்று. ஒரு தொழில்முறை தனக்குத் தேவையானவற்றை மட்டும் இக்குடியிருப்புகளுக்கு அருகில் வைத்து, மனிதருக்குத் தேவையானவற்றை அப்பால் நிறுத்தியதால் விளைந்தது அது. அத்தொழில்முறை இப்போது மேட்டு நிலங்களிலிருந்து மெல்லப் பின்வாங்குவதால், அந்தத் தொலைவு முன்னெப்போதையும்விடக் கடுமையாகிறது என்பதே என் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

மலையகம் பற்றிய எழுத்து ஹற்றன், நுவரெலியா, பதுளை ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தது. சப்ரகமுவ அதில் ஓர் அடிக்குறிப்பு. இதற்கு அரசியல் காரணம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இல்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த தோட்டத் தமிழருக்கு இங்கு எங்கும் எண்ணிக்கைப் பலம் இருக்கவில்லை. தேயிலை வணிகமும் இம்மலைகளை மறைத்தது. தேயிலைச் சபை வகுத்த ஏழு பிராந்தியங்களில் ‘சப்ரகமுவ’ என்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் வரையான தாழ்நிலத் தேயிலையின் பெயர். ஆகவே வெளியுலகுக்கு இம்மாகாணம் தாழ்நிலம். அதன் முகடுகளில் கம்பளி போர்த்தி வாழ்பவர்கள், தங்கள் மாகாணத்தைப் பற்றிய பொதுப் படத்துக்குள்ளேயே வருவதில்லை.

கோட்பாட்டு நோக்கில் இரண்டு விளக்கங்கள் கருதத் தக்கவை. முதலாவது, பெருந்தோட்டத்தை எர்விங் கோஃப்மன் 1961இல் விவரித்த ‘முழுமையான நிறுவனம்’ என்பதற்கு நெருக்கமாகக் காண்பது. வேலை, உறக்கம், உணவு, மருந்து, தண்டனை எல்லாம் ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடம் அது. கரிபியன் தோட்டங்களைப் பற்றி எழுதிய ஜார்ஜ் பெக்ஃபோர்டின் நூலும் இவ்வழியில் செல்கிறது. இலங்கை ஆய்வாளர் பலர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், பயனும் உண்டு. ஆயினும் இவ்விளக்கம் வேலிக்கு உட்பட்டதைக் காட்டும் அளவுக்கு வேலிக்கு வெளியே அரசு என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பதைக் காட்டுவதில்லை.

இரண்டாவது ஜேம்ஸ் சி. ஸ்கொட்டின் 2009 நூல் முன்வைத்தது. தென்கிழக்காசிய மலைவாழ் மக்கள் பின்தங்கியவர்கள் அல்லர். வரி, கட்டாய உழைப்பு, போர் ஆகியவற்றிலிருந்து தப்ப மேட்டுக்கு ஏறியவர்கள். ஏறுவதற்கரிய நிலமே அவர்களுக்கு அரண் என்றார் அவர். கவர்ச்சியான வாதம். சப்ரகமுவ முகடுகளுக்கு இதைத் தலைகீழாக்கித்தான் பொருத்த முடியும். திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகளால் கூட்டிவரப்பட்டவர்கள் அரசைவிட்டு ஓடி மேலே ஏறவில்லை, ஏற்றப்பட்டார்கள். ஏறிய இடத்தில் ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்தில் எண்ணப்பட்டார்கள். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது. அரைநாள் வேலைக்கு அரைப்பேர் என்ற நுணுக்கத்துடன் எழுதப்பட்டது. 1948, 1949 பிரசாவுரிமைச் சட்டங்களுக்குப் பின் அதே பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. இந்நாட்டில் இவ்வளவு துல்லியமாகக் கணக்கெடுக்கப்பட்டும் இவ்வளவு முழுமையாகப் பதிவிலிருந்து நீக்கப்பட்ட வேறொரு மக்கள் கூட்டத்தைக் காட்டுவது கடினம். எட்டாத இடத்தில் இருந்தவர்களை நாள்தோறும் எண்ண முடிந்தது எப்படி என்று ஸ்கொட்டின் வாசகர் எவரும் கேட்க வேண்டும்.

மானிடவியலாளர் எட்வின் ஆர்ட்னர் 1987இல் எழுதிய ஒரு கட்டுரை இக்கேள்விக்கு உதவுகிறது. தொலைவு என்பது நிலப்படத்தில் உள்ளதன்று, ஓர் இடம் மற்ற இடங்களோடு வைக்கப்பட்டுள்ள உறவில் உள்ளது என்பது அவர் கருத்தின் சாரம். தொலைவான இடங்கள் வெளியாருக்கு மூடிக் கிடப்பதில்லை, வெளியார் எப்போதும் நுழைந்துகொண்டே இருக்கும் இடங்கள் அவை என்றும் அவர் கவனித்தார். தோட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். துரை வந்தார், சின்னத்துரை வந்தார், ஆய்வுக்கு ஆள் வந்தது, தேர்தலுக்கு ஆள் வந்தது. மேலே வருவதற்கு வழி எப்போதும் இருந்தது.

3. கொழுந்தின் தூரமும் ஆளின் தூரமும்

பறித்த கொழுந்து காத்திருக்காது. கூடையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதன் பின் அதிலிருந்து நல்ல தூள் வராது. ஆகவே பகலில் இரண்டு மூன்று தடவை நிறுத்து, சாக்குகளில் கட்டி, அன்றைக்கே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்பி வாட்டலுக்குப் பரப்ப வேண்டும். தோட்ட வீதிகளின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தது. மலையின் ஒவ்வொரு மடிப்பிலுமுள்ள கொழுந்து மடுவத்தை ஸ்டோரோடு இணைக்கும் பாதைகள் நூறாண்டுகளுக்கு முன்பே இடப்பட்டுவிட்டன. செங்குத்தான சரிவுகளில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிய அவ்வீதிகள் பொறியியல் நோக்கில் வியப்புக்குரியவை. சரிவு அவற்றைத் தடுக்கவில்லை. எந்தத் தேயிலைப் பற்றைக்கும் வீதி இல்லாமல் போனதாகத் தெரியவில்லை.

அதே வீதிகள் பக்கத்துக் கிராமத்தோடு சேருவதில்லை. மடுவத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து பிரதான வீதிக்கும், அங்கிருந்து கொழும்பு ஏலத்துக்கும் இறங்குகின்றன. பிள்ளை போகவேண்டிய பாடசாலை, பிறப்புப் பதிய வேண்டிய அலுவலகம், பிரசவத்துக்குப் போகவேண்டிய வைத்தியசாலை எதுவும் அத்தடத்தில் அமைந்ததில்லை. நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்வது மலையகமெங்கும் கேட்கும் செய்தி. அதை இல்லாமையின் அடையாளமாகவே பொதுவாகச் சொல்வோம். வேறொன்றையும் அது காட்டுகிறது: வாகனமும் வீதியும் அங்கே இருக்கின்றன, ஆனால் வேறொன்றுக்காக. நாக்ரக் போன்ற எல்லைப் பிரிவில் இம்முரண் இன்னும் கூர்மையாகிறது. ஒரு பக்கம் போனால் பதுளைப் பாதையின் ஓஹிய புகையிரத நிலையம். அது வேறு மாவட்டம், வேறு மாகாணம். தம்முடைய பிரதேச செயலகமும் நீதிமன்றமும் மறுபக்கம், நெடுந்தூரம் கீழே.

களனிவெளி ரயில்பாதையின் கதையும் இதையே சொல்லும். அவிசாவளையைத் தொட்ட அந்தக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கைக்கும் நீண்டது. இறப்பரும் தேயிலையும் அதற்குக் காரணம். மக்கள் பயணித்தது உபரிப் பலன். லொறிப் போக்குவரத்து வளர்ந்தபின் சரக்கு அதைவிட்டுப் போயிற்று. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலான பகுதி மூடப்பட்டது. சப்ரகமுவத் தோட்ட மக்களுக்கு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இருந்த மலிவான தொடர்பு அதோடு அறுந்தது. நிலமோ உயரமோ அந்தப் பத்தாண்டில் மாறவில்லை.

சட்டம் இத்தொலைவை உறுதிப்படுத்தியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைக் கிராமங்களுக்குச் செலவிடலாம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இயலாது என்ற விளக்கத்துக்கு இடமளித்தது. முப்பது ஆண்டுகள் அப்படியே நடைமுறைப்படுத்தப்பட்டது. அதாவது பிரசாவுரிமைப் பிரச்சினை 1988, 2003 சட்டங்களால் ஏறத்தாழத் தீர்ந்த பின்னரும், தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை அவர்கள் லயத்து வாசலுக்கு ஒரு கல் பாவ முடியாத நிலை நீடித்தது. 2018இல்தான் திருத்தம் வந்தது. குடிசன மதிப்பீட்டிலும் தோட்டம் தனித் துறை: இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும் பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டத் துறை. நகரம் நகரம் என்பதால், கிராமம் கிராமம் என்பதால் கணக்கில் வருகிறது. லயத்துக் குடும்பம் நிலத்தின் பரப்பாலும் வேலையாட்களின் தொகையாலும் கணக்கில் வருகிறது. 2012 மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 4.4 வீதத்தினர் இத்துறையில் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டிலக்கமோ தெருப்பெயரோ இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குக் கட்டாக வந்து, அங்கிருந்து கைமாறிச் சேரும். நேர்முகப் பரீட்சை அழைப்பு நாள் கடந்து கைக்குக் கிடைப்பதற்கு மலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இத்தொலைவு உயிரைப் பறித்த காலமும் உண்டு. 1973–74 உணவு நெருக்கடியில் நாடு முழுவதும் தட்டுப்பாடு இருந்தபோதும் தோட்டங்களில் இறப்பு வீதம் தேசிய சராசரியைவிட வெகுவாக உயர்ந்தது. கிராமத்தவருக்குப் பலா மரமும் மரவள்ளிப் பாத்தியும் இருந்தன; சற்றே மேலே, அதே மழையில், அதே மண்ணில் வாழ்ந்த லயத்தவருக்கு அரிசியும் மாவும் கூப்பனாகவும் தோட்டத்து வழியாகவும் வந்தால்தான் உண்டு. அந்த வழி அடைபட்டபோது கையேந்த வேறு வழி இருக்கவில்லை. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு தந்த சரிவுகளில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது என்பதை இன்று வாசிக்கும்போதும் நம்புவது கடினமாயிருக்கிறது.

4. குளிருக்கு இட்ட விலை

குளிரை அரசு ஒருமுறை அளந்து விலையிட்டிருக்கிறது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1929 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி உயரத்துக்கேற்ப வேறுபட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு மேட்டுநிலத்தில் 54 சதம், இடைநிலத்தில் 52, தாழ்நிலத்தில் 50. மேலே போகப் போக வாழ்க்கைச் செலவு கூடுகிறது என்பதே இதன் அடிப்படை. அரிசியை மேலேற்றும் செலவும் போர்வையும் அதில் அடக்கம். மேட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் இடையிலான வேறுபாடு நான்கு சதம். கம்பளியும் அரிசியும் தோட்டத்தாலேயே வழங்கப்பட்டு, பற்றாக எழுதப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டன. ஆக, அந்த நான்கு சதமும் முழுதாகத் தொழிலாளியின் கையில் நின்றிருக்குமா என்பது சந்தேகமே.

குளிரை எதிர்கொள்ள வேண்டிய வீடோ குளிரைக் கருதிக் கட்டப்படவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். இந்த அளவு கீழே இறப்பர்த் தோட்டத்துக்கும் மேலே தேயிலை உச்சிக்கும் ஒன்றுதான். தகரம் பகலில் கொதிக்கும், இரவில் வியர்க்கும். வெப்பநிலை ஏழெட்டுப் பாகைக்கு இறங்கும் இரவில் அடுப்பே அறையைச் சூடாக்கும் ஒரே சாதனம். ஆகவே புகையோடு உறங்க வேண்டும். மலையில் நிற்கும்போது படங்கையும் பழைய கோட்டையும் உடுத்துப் பழகிய பெண்களுக்கு இது ஒரு முறைப்பாடாகக்கூடத் தோன்றாமல் போயிருக்கலாம். குளிர் தேசங்களின் மலைக்குடிகள் தடித்த சுவரும் தாழ்ந்த கூரையும் கொண்ட வீடுகளைத் தலைமுறைகளின் அனுபவத்தால் உருவாக்கினார்கள், நிலம் அவர்களுடையது. லயத்தில் ஒரு சன்னலைப் பெரிதாக்கவும், ஒரு சுவரைத் தடிப்பாக்கவும் அலுவலக அனுமதி வேண்டும். குளிரோடு வாழும் அறிவு அங்கே தோன்றியிருக்கும். அதைச் சுவராக்கும் உரிமை தோன்றவில்லை.

விறகின் கதை இன்னும் சிக்கலானது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஏற்று, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக்கூடாது என்ற நிர்வாக ஆணை 1873இல் பிறந்தது. எல்லாத் தோட்டமும் அக்கோட்டுக்குக் கீழே நின்றுவிடவில்லை என்றாலும், மலையுச்சிக் காடு இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு அந்த ஆணைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 1940இல் சிவனொளிபாதமலைக் காடு சரணாலயமாயிற்று; 1969இல் சரணாலயமான ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று; 2010இல் இவ்விரண்டும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக்கண் அது, காக்கப்பட வேண்டியதே. ஆனால் இதன் விளைவாக மேல்கணக்குக் குடியிருப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இடையே அகப்பட்டது. மேலே வனச்சட்டம், கீழே தோட்ட நிர்வாகம். விழுந்த கொப்பை மேலே போய்ப் பொறுக்கினால் ஒரு குற்றம், கீழே வெட்டினால் மற்றொரு குற்றம். காட்டைக் காத்தவர்கள் அக்காட்டை அழித்து நாட்டிய தேயிலையின் உரிமையாளரிடம் கேட்காத கணக்கை, தேயிலை பறிப்பவளின் விறகுக் கட்டில் கேட்டார்கள்.

5. மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது நிலத்தைப் பற்றியது. செங்குத்துச் சரிவு, கடும் மழை, மண்சரிவு. இங்கே எந்த அரசும் எதைச் செய்துவிட முடியும்? பக்கத்துச் சிங்களக் கிராமங்களும் வீதியின்றித் துன்பப்படவில்லையா? இரண்டாவது கேள்வியை முதலில் எடுப்போம். இம்புல்பே, குருவிட்ட மலையடிவாரக் கிராமங்கள் பல உண்மையிலேயே ஏழ்மையானவை, ஒதுங்கியவை. ஆனால் அங்கு ஒரு குடும்பம் தன் காணியில் வாழ்கிறது, சபையிடம் வீதி கேட்கிறது, கேட்டது கிடைக்காவிட்டால் அடுத்த தேர்தலில் பழி தீர்க்கிறது. வீதி இல்லாமை அங்கே ஒரு பற்றாக்குறை. லயத்தில் வீதி கேட்க வேண்டிய இடமே எதுவென்று தெரியாது: சபையா, கம்பனியா, அமைச்சா? மூன்றும் மற்றதைக் கைகாட்டும்.

நிலத்தைப் பற்றிய மறுப்புக்குச் சிவனொளிபாதமலையே விடை. இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில், 2243 மீற்றர் உயரத்தில், நாட்டின் மிகக் கடினமான ஏற்றங்களில் ஒன்றின் முடிவில் நிற்கும் அச்சிகரத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் மார்கழி உந்துவப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை இலட்சக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அக்காலத்தில் மின்விளக்கும், பொலிசும், முதலுதவியும், தேநீர்க் கடையும் மேலே போகின்றன. பலாபத்தல வழியாகவும் எரத்ன வழியாகவும் இரத்தினபுரிப் பக்கத்தார் ஏறுகிறார்கள். அம்மலையில் சிமெந்தும் கம்பியும் ஆள் தோளில் ஏறியிருக்கின்றன. வழிபாட்டுக்கு இவ்வளவும் செய்வது சரியே, யாரும் குறைசொல்லவில்லை. உயரமும் குளிரும் அரசின் கையைக் கட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ‘உலக முடிவு’ம் அப்படியே. விளிம்பு வரை சீரான பாதை, அறிவிப்புப் பலகை, கட்டணச் சீட்டு. விளிம்புக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. மண்சரிவு மெய்யான அபாயம்தான். 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர கந்த இடிந்த அன்று புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்திலும் லயம் மண்ணில் புதைந்தது. ஆனால் லயத்துக்குரிய இடத்தை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலைக்கு உதவாத சரிவில், நீரோடைக்குப் பக்கத்தில் வரிசை எழுப்பியவர் வேறொருவர்.

தனிமை காப்பாற்றியது என்போரும் உண்டு. வெளியாரோடு கலவாததால் மொழியும் தெய்வமும் கூத்தும் நிலைத்தன. கலவரக் காலங்களில் தோட்டம் ஓர் அரணாயிற்று என்பார்கள். சப்ரகமுவ இதற்கு நேர் மாறான சாட்சி சொல்கிறது. 1977 ஆகஸ்ட் வன்செயல்கள் தோட்டங்களை விடவில்லை. சன்சோனி ஆணைக்குழு அவற்றை விசாரித்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன. தாக்க வந்தவர்களுக்கு அவை எட்டாத இடங்களாயிருக்கவில்லை. ஒரே வழி உள்ள குடியிருப்பில் ஆபத்து வரும் வழியும் தப்பும் வழியும் ஒன்றே. பொலிசுக்கு மட்டும் அது தூரமாயிருந்தது. இத்தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் போய்க் குடியேறியவர்கள் குளிரைவிட்டுப் போனவர்கள் அல்லர். பாதுகாப்பைத் தேடிப் போனவர்கள்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தொலைவு சுமத்தப்பட்டது என்று மட்டும் சொன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் எதுவுமே செய்யாதவர்கள் ஆகிவிடுவார்கள் என்பது அது. நியாயமான எச்சரிக்கை. ஓரிரு லயம் உள்ள இடத்திலும் மாசியில் காமன் நட்டுக் கூத்தாடினார்கள். ஸ்டோர்ச் சக்கரத்துக்கே ரோதைமுனி என்று தெய்வம் கண்டார்கள். எல்லைக்கு ஒரு முனியாண்டி, தண்ணீர்ப் பீலிக்கு ஒரு மாடசாமி. சாவு விழுந்தால் தப்பு முழங்கும். எல்லா லயமும் வரும். கம்பனி வரைபடத்தில் இலக்கமாக இருந்த மலையை அவர்கள் தங்கள் ஊராக்கினார்கள். இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் தளர்வதில்லை, மாறாக வலுப்பெறுகிறது. சட்டம் தராத ஊரை மக்கள் தாங்களாகக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அதைப் பதிவு செய்ய வேண்டிய கடமை இன்னும் பழையது. ஆனால் கூத்தின் செழுமையைக் காட்டிப் பிரசவ விடுதியின் தூரத்தை மறக்கச் செய்யும் எழுத்து வகையொன்று நம்மிடம் வளர்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

6. தோட்டம் பின்வாங்கும்போது

கைபேசி வந்துவிட்டது, முச்சக்கர வண்டி வந்துவிட்டது, இளையோர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். இத்தனிமை தானே கரைந்துவிடும் என்று இப்போது சொல்லப்படுகிறது. நிலைமை அவ்வளவு எளியதன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. அப்போது அவற்றில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள்; இன்று அதில் பாதிகூட இல்லை. இலாபம் குறைந்த நிலங்கள் கைவிடப்படுகின்றன. பற்றைகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்துக் கொழுந்தை மட்டும் வாங்கும் முறை பரவுகிறது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபின், வேலை நாட்களையும் கொழுந்து நிறையையும் பற்றிய இழுபறியும் கூடியது. செலவுக் கணக்குப் பார்க்கும் எந்த நிர்வாகமும் முதலில் விடுவது தூரத்து உச்சியைத்தான்.

இதன் பொருள் எளிது. இதுவரை மேல்கணக்குக்கு ஒரே ஒரு தொடர்பு இருந்தது, அது தோட்டம். வீதி, நீர்க்குழாய், லொறி, மருந்து, கடிதம் அனைத்தும் அதன் வழியே வந்தன. குறைவாக வந்தன, கணக்கெழுதி வந்தன, ஆனாலும் வந்தன. கொழுந்து லொறி நின்றால் வீதி ஓரிரு மழைக்காலத்தில் அழியும். அந்த இடைவெளியில் வந்து நிற்க வேண்டிய அரசு, நூறாண்டுகளாக அங்கே வராமலிருக்கப் பழகிவிட்டது. கைபேசி இந்த வெற்றிடத்தை நிரப்பாது. அது ஆட்களை அழைக்கும், வைத்தியரைக் கொண்டுவராது. இளையோர் கீழே இறங்க, முதியோரும் பிள்ளைகளும் மேலே நிற்கிறார்கள்.

இது எங்கே போய் முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னுதாரணம் நடந்துகொண்டிருக்கிறது. திருநெல்வேலி மாவட்ட மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் குடியிருப்புகள் எழுந்தன. நிலம் காப்புக்காடாக 2018இல் அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய நான்காண்டு இருக்கும்போதே 2024இல் குத்தகை எடுத்த கம்பனி தோட்டப்பணியை முடித்துக்கொண்டது. நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் இறங்கச் சொல்லப்பட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அந்த இடத்தில் இருக்க வேலை என்பதைத் தவிர வேறு உரிமை எழுதப்பட்டிருக்கவில்லை. இலங்கையிலிருந்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்களில் பலரைக் குடியமர்த்திய நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கவலை இருக்கிறது. ஒரு குளிர்மலையின் லயத்திலிருந்து மற்றொரு குளிர்மலையின் லயத்துக்குப் போனவர்கள் அவர்கள்.

சப்ரகமுவ இன்னும் அந்த முடிவை எட்டவில்லை. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டம் சில இடங்களில் நடந்திருக்கிறது. 2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகி, பெருந்தோட்ட அமைச்சின் பிரதி அமைச்சருமானார். 1947ஐ நினைத்தால் இது சிறிய செய்தியன்று. ஆனால் வீடமைப்புத் திட்டங்கள் பிரதான வீதிக்கு அருகிலுள்ள பிரிவுகளையே முதலில் நாடும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. அங்கே அடிக்கல் நாட்டுவதும் படம் எடுப்பதும் எளிது.

ஆகவே தேவைப்படுவது இரக்கம் அன்று, மூன்று நிர்வாக முடிவுகள். மேல்கணக்குகளுக்குப் போகும் கொழுந்து வீதிகளைக் கம்பனிப் பொறுப்பிலிருந்து எடுத்துப் பிரதேச சபைகளின் வீதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பின் இதற்குச் சட்டத் தடையைக் காரணம் காட்ட முடியாது. ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் இலக்கமும் முகவரியும் தந்து, கடிதத்தை அலுவலகத்துக்கு அல்லாமல் ஆளுக்குச் சேர்க்க வேண்டும். தேயிலையைக் கைவிடும் பிரிவுகளில் வாழ்வோர் அங்கேயே இருக்க விரும்பினால் காணியுறுதியும், இறங்க விரும்பினால் கீழே காணியும் கொடுக்க வேண்டும். தேர்வு அவர்களுடையதாக இருக்க வேண்டும். இம்புல்பே, பலாங்கொடைப் பிரதேச சபைகள் முதலாவதை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே தொடங்கலாம்.